கீப்பருக்குப் பிடிக்கவில்லை

ஆக்லாந்தில், மவுண்ட் ரோஸ்கில் மைதானத்து ஓரத்தில் சனிக்கிழமைகளில் மடக்கு நாற்காலி போட்டு உட்காரும் கூட்டம் ஒன்று உண்டு. கூட்டம் என்றால் பெரிய கூட்டமில்லை. டெய்ரி என்று இங்கே சொல்கிற மூலைக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர், கிளென்ஃபீல்டிலிருந்து பாலம் தாண்டி வருகிற கோயம்புத்தூர்த் தம்பி ஒருவன், மலேசியாக்கார அக்கா ஒருத்தி, அப்புறம் மதுரைக்காரியான நான். எங்கள் தமிழ் கிரிக்கெட் அணியின் ஒட்டுமொத்த ரசிகர் மன்றமும் இந்த நாலு பேர்தான். தண்ணீர், சன் ஸ்கிரீன், குடை, ஆளுக்கொரு அபிப்பிராயம், இந்த நாலும் இல்லாமல் யாரும் வந்ததில்லை.

அந்தக் கோடை முழுக்க எங்களுக்கு ஒரே பேச்சுதான். கீப்பருக்கு என்ன ஆயிற்று?

இதில் எனக்கு ஒரு சங்கடம். கீப்பர் என் வீட்டுக்காரர். நான் பக்கத்தில் இருக்கிறேன் என்பதை மற்ற மூன்று பேரும் அடிக்கடி மறந்துவிடுவார்கள். மறக்கவில்லை, மறந்த மாதிரி இருந்தார்கள் என்று எனக்குப் பிறகுதான் பட்டது. எனக்கு எல்லாமே பிறகுதான் படும். பட்டுவிட்டால் விடமாட்டேன்.

முந்தைய வருடம் வரை அவருடைய கிளவுஸுக்குள் போன பந்து வெளியே வந்ததில்லை. பேட்ஸ்மேன் திரும்பிப் பார்ப்பதற்குள் பெயில் தரையில் கிடக்கும். அந்தக் கோடையில் எல்லாம் தலைகீழ். நேராக நெஞ்சுக்கு வருகிற லட்டு மாதிரி கேட்ச், கிளவுஸில் பட்டு, ஒரு நொடி நின்று, புல்லில் விழும். அவர் குனிந்து எடுத்து, இடது கையால் பந்துவீச்சாளருக்குத் தட்டிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடியும் குந்திக்கொள்வார்.

“முழங்கால்தான்,” என்பார் டெய்ரி அண்ணன். “குந்தி எழும்பேக்க பாருங்கோ, வலது காலை இழுக்கிறார். கீப்பருக்கு முழங்கால் போனால் எல்லாம் போச்சு. எனக்குத் தெரியும், எனக்கும் முழங்கால்.”

“கால்ல ஒண்ணுமில்லீங்கண்ணா,” என்பான் கோவைத் தம்பி. “ரன் எடுக்கறப்ப நல்லாத்தானுங்க ஓடுறாரு. ஃபார்ம் போச்சு, அவ்வளவுதான். கொஞ்ச நாள் உட்கார வெச்சா சரியாயிடும்.”

அவன் அணியில் பன்னிரண்டாவது ஆள். யாருக்காவது காய்ச்சல் வந்தால்தான் அவனுக்கு ஆட்டம். அவன் பையிலிருந்து ஒரு ஜோடி புது கீப்பிங் கிளவுஸ் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, கடைச் சீட்டுக்கூட இன்னும் கிழிக்கவில்லை. உட்கார வைக்கிறதாம். யாரை உட்கார வைத்துவிட்டு யார் எழுந்திருக்கப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியாதா என்ன.

இப்படி யோசிப்பது என் பிறவிக் குணமில்லை, வேலையால் வந்த வியாதி. நான் ஒரு இன்சூரன்ஸ் நிறுவனத்தில் க்ளெய்ம் பார்க்கிறவள். முதுகே நிமிரவில்லை என்று க்ளெய்ம் போட்டவர் பிள்ளையோடு டிராம்போலினில் குதிப்பதைப் பார்த்திருக்கிறேன். தோளைத் தூக்கவே முடியாது என்று அழுத அம்மா, என் மேசையை விட்டு எழுந்ததும் அதே தோளில் பையை மாட்டிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். இல்லாத வலியை இருக்கிறது என்று சொல்பவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள். யாராவது “ஒண்ணுமில்லை” என்றால், க்ளெய்ம் இல்லை, ஃபைல் மூடு என்றுதான் என் மூளை சொல்லும்.

ஆகவே “கையில காலுல எங்கயாவது வலிக்குதாங்க?” என்று நான் கேட்டபோது அவர் “இல்லை, ஒண்டும் இல்லை” என்று சொன்னதும், நான் காயத்தை விட்டுவிட்டேன். காயமில்லை என்றால் வேறு ஏதோ இருக்கிறது. அந்த வேறு ஏதோவை நோக்கி என்னைத் திருப்பிவிட்டது மலேசியா அக்கா.

அக்கா அதிகம் பேசமாட்டாள். மாண்டரின் ஆரஞ்சை உரித்து நார் நாராக எடுத்துக்கொண்டே மற்றவர்கள் சண்டை போடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அன்றைக்கு உரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்.

“காலும் இல்ல, ஃபார்மும் இல்ல லா. மனசு இங்க இல்ல.”

“மனசு பின்ன எங்க நிக்குது?” என்றார் டெய்ரி அண்ணன்.

“நான் ஒண்ணும் சொல்லல. வியாழக்கிழமை மத்தியானம் மனுகாவ் மால் கார் பார்க்குல இவங்க கார் நின்னுச்சு. பின் கண்ணாடியில வேல் ஸ்டிக்கர், பக்கத்துல பம்பர் ஒடுங்கி இருக்கு, எனக்குத் தெரியாதா. மனுகாவ் டீமுக்குக் கீப்பர் இல்ல. அடுத்த சீசனுக்கு ஆள் தேடுறாங்க. நான் ஒண்ணும் சொல்லல.”

பம்பர் ஒடுங்கியது என்னால்தான், அது வேறு கதை. ஆனால் வியாழக்கிழமை மத்தியானம் அவர் நகரத்துக்குள் ஒரு கல்லூரியில், கணினிகளைக் கட்டி மேய்க்கிற தன் வேலையில் இருந்திருக்க வேண்டும். மனுகாவ் எங்கே, அது எங்கே. அவர் அணி மாறுவார் என்று நான் ஒரு நொடிகூட நம்பவில்லை. அணிக்காகத்தான் அக்கா கவலைப்பட்டாள். எனக்கு வந்த கவலை வேறு.

அன்று சாயங்காலம் புட்டுக்கு மாவு நனைத்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டேன். அலுவலகத்திலும் அப்படித்தான் கேட்போம், பக்கவாட்டில் இருந்து.

“வியாழக்கிழமை கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதம் எப்படி இருந்துச்சு? உப்பு கூடிப்போச்சோன்னு நெனைச்சேன்.”

“நல்லாத்தான் இருந்தது. வேலை கூட. மேசையிலயே இருந்து சாப்பிட்டன்.”

பொய். வாய் கூசாமல், டிவியைப் பார்த்துக்கொண்டே ஒரு பொய். எனக்கு மாவு நனைத்த கை அப்படியே நின்றுவிட்டது. இந்த மனிதர் பொய் சொல்லத் தெரியாதவர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

ஒரு பொய் கிடைத்துவிட்டால் அப்புறம் எல்லாம் தானாக வந்து வரிசையில் நிற்கும். முன்பெல்லாம் தேநீரை என் கையிலிருந்து வாங்கிக்கொள்வார். இப்போது, “அதில வையும், எடுக்கிறன்.” என் விரல் பட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி. முன்பெல்லாம் எங்கே போனாலும் அவர்தான் கார் ஓட்டுவார், நான் பிரேக் போடச் சொல்லிக் கத்துவேன். இப்போது, “நீர் ஓட்டுமன்,” சாவி என் பக்கம். பொத்தான் வைத்த சட்டைகள் அலமாரியிலேயே தொங்கின, தினமும் டீ ஷர்ட்தான். நாற்பது தாண்டிய மனிதர் திடீரென்று டீ ஷர்ட்டுக்கு மாறினால் என்ன அர்த்தம் என்று எந்தப் பெண்ணையும் கேளுங்கள். கோயிலுக்கு நடந்து போகும்போது கையைக் கோத்துக்கொள்கிறவர், இப்போது இரண்டு கையையும் ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டு நடக்கிறார். குளிராம். இந்த ஊரில் பிப்ரவரி நடுக்கோடை, என்ன குளிர்.

அதற்கு மேல் மோதிரம். துணி துவைக்கப் போடும்போது பேன்ட் பையைத் தடவிப் பார்ப்பது என் வழக்கம், டிஷ்யூ இருந்தால் எல்லாத் துணியும் நாசமாகிவிடும். அன்றைக்குத் தடவினால் கலியாண மோதிரம். வலது கை மோதிர விரலில் எப்போதும் இருக்கிற மோதிரம், கழற்றினால் கழலாது என்று அவரே சொல்கிற மோதிரம். அதை நான் சமையல் மேடை மேல் வைத்தேன். சாயங்காலம் அது அங்கே இல்லை. அவர் விரலிலும் இல்லை. எடுத்தவர் வாயைத் திறக்கவில்லை, வைத்தவளும் வாயைத் திறக்கவில்லை.

நான் முதலில் இந்த அணியின் ரசிகை, அப்புறம்தான் கீப்பரின் மனைவி. ஆக்லாந்துக்கு வந்த புதிதில் கூட வேலை பார்த்த ஒருத்தி வற்புறுத்தி இதே மைதானத்துக்குக் கூட்டிவந்தாள். ஒரு ஸ்டம்பிங் அவுட்டா இல்லையா என்று நான் அம்பயரோடு சண்டைக்குப் போனேன், அது முடிந்ததும் கீப்பர் வந்து, “அது உண்மையில அவுட் இல்லை. ஆனா நீங்க சண்டை பிடிச்சது வடிவா இருந்தது,” என்றார். இப்படித் தொடங்கியதுதான். யாழ்ப்பாணத்துப் பையன் என்றதும் அம்மா அழுதாள். அப்பா மட்டும் போனில் ஒரே கேள்வி கேட்டார். “பிடிச்சிருக்கா?” பிடிச்சிருக்கு என்றேன். அதோடு அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

கலியாணமான புதிதில் அவர் பேச்சுக்கு எனக்கு உரை தேவைப்பட்டது. கெதியா வாரும் என்றால், சீக்கிரம் வா என்கிறார் என்று தெரியாமல், எந்தக் கதியைச் சொல்கிறார் என்று முழிப்பேன். இப்போது அப்படியில்லை. அவர் அம்மா போனில் பேசினால் மூச்சு விடாமல் பதில் சொல்வேன். உங்கள் யாழ்ப்பாணத் தமிழ் எனக்குத் தண்ணி பட்ட பாடு என்று அவரிடமே பீற்றிக்கொள்வேன். அந்தத் திமிர்தான் எனக்கு வினையாக வந்தது.

எங்கள் வீட்டில் துணி துவைக்கும் இயந்திரமும் டிரையரும் கராஜில் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காய்ந்த துணியை எடுக்கக் கூடையோடு போனேன். டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காருக்கு அந்தப் பக்கம் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். லண்டனில் இருக்கிற அண்ணனோடு. வீட்டுக்குள் மூன்று அறை, பின்னால் தோட்டம், இருந்தும் இந்த மனிதர் டிரையர் சத்தத்துக்குள் வந்து நின்று பேசுகிறார் என்றால் நான் எப்படித் திரும்பிப் போவேன். வாசலிலேயே நின்றேன்.

“ஓம் அண்ணை,” என்றார். “எனக்கு இப்ப கொஞ்ச நாளாப் பிடிக்காமக் கிடக்கு. அவளுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை.”

கூடையைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தேன். குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். ஏன் திறந்தேன் என்று தெரியாது. பாத்திரம்கூட இல்லை கழுவ. பிடிக்காமல் கிடக்கிறதாம். கொஞ்ச நாளாக. அதை எனக்குச் சொல்ல வழி தெரியாமல் லண்டனுக்குப் போன் போட்டு வழி கேட்கிறார். நான் யாரிடமும் கோபத்தை மறைத்து வைத்தவள் இல்லை. கோபம் வந்தால் பாத்திரம் பேசும், கதவு பேசும், கடைசியில் நானும் பேசுவேன். அந்தத் தடவை மட்டும் பேச்சு வரவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

அதற்குப் பிறகு நான் மனைவியாக இருக்கவில்லை, விசாரணை அதிகாரியாக இருந்தேன். போனைக் கவிழ்த்து வைத்தால் ஏன் கவிழ்த்தார், நிமிர்த்தி வைத்தால் நாடகமா. தக்காளி ஊறுகாய்ப் பாட்டிலைத் திறந்து கொடுங்கள் என்றால், “பிறகு பாப்பம்” என்று நகர்ந்தார். பாட்டில் திறக்கக்கூட என்னோடு நிற்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நானே எனக்குள் சொல்லிக்கொண்டு, பல்லைக் கடித்துத் திறந்தேன். எங்கள் மகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “வாட்ஸ் ராங் வித் யூ டூ?” என்று கேட்டாள். ஒண்ணுமில்லை என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில். அந்தக் கோடையில் நாங்கள் ஒத்துப்போனது அந்த ஒரு வார்த்தையில்தான்.

ஒரு வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு மனுகாவ் போனேன். மால் கார் பார்க்கில், ஒரு பெரிய வேனுக்குப் பின்னால், தோழியிடம் இரவல் வாங்கிய காருக்குள் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. வந்தார். வேல் ஸ்டிக்கரும் ஒடுங்கிய பம்பருமாக வந்து நின்றது எங்கள் கார். மாலுக்குள் போகவில்லை. சாலையைத் தாண்டி, ஏகப்பட்ட அலுவலகங்கள் இருக்கிற ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்கு நடந்தார். ஒரு பெண் உள்ளிருந்து கதவைத் திறந்துவிட்டாள். சின்ன வயது. இவரைப் பார்த்துச் சிரித்தாள், முன்பே பழகின சிரிப்பு. இவரும் சிரித்தார். எனக்குக் காட்டாத சிரிப்பை எங்கோ ஒருத்திக்குக் காட்டிக்கொண்டு உள்ளே போனார்.

இறங்கிப் போய்ப் பார்த்திருக்கலாம். வாசலில் எந்த மாடியில் என்ன இருக்கிறது என்று பலகை இருந்திருக்கும். எத்தனையோ பேரைப் பின்தொடர்ந்து பார்க்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட எனக்கு, சொந்தப் புருஷன் பின்னால் சாலையைத் தாண்டக் கால் வரவில்லை. காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். மோட்டார்வேயில் அழுதேன், வீட்டுக்கு வந்ததும் மீன் குழம்பு வைத்தேன். அவர் வந்து, நல்லா மணக்குது என்றார். கரண்டியை அவர் மேல் எறியாமல் இருந்ததுதான் அன்றைக்கு நான் செய்த பெரிய காரியம்.

அந்தச் சனிக்கிழமை அரையிறுதி. எதிரணி, வேறு யார், மனுகாவ்.

மேகமூட்டமாக இருந்தது. மைதானத்தின் நடுவில் கடல்புறாக்கள் வந்து உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்தன. கீப்பர் அவற்றைக் கைதட்டி விரட்டினார், கிளவுஸோடு தட்டியதால் சத்தமே வரவில்லை. நாங்கள் நாலு பேரும் வழக்கமான இடத்தில். ஆனால் அன்றைக்கு அக்கா ஆரஞ்சு உரிக்கவில்லை, டெய்ரி அண்ணன் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். தம்பி எழுந்து நின்று பார்த்தான்.

மனுகாவின் முக்கியமான பேட்ஸ்மேன் இன்னும் கணக்கைத் தொடங்கவேயில்லை. மட்டையின் விளிம்பில் பட்ட பந்து, வேகமில்லாமல், வளைவில்லாமல், கீப்பரைத் தேடிக்கொண்டு போனது. என் மகளே பிடித்திருப்பாள். அவர் கிளவுஸைச் சேர்த்து, நெஞ்சோடு அணைத்து, அவுட் கேட்டுக் கத்திக்கொண்டே தலையை உயர்த்தினார். பந்து அவர் காலடியில் கிடந்தது. அவருக்கு அது தெரியவில்லை. மற்றவர்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் குனிந்து பார்த்தார்.

“பாத்தீங்களா,” என்றாள் அக்கா. “யாரு டீமுக்கு வெளையாடுறாரு? நான் ஒண்ணும் சொல்லல.”

“முழங்கால் மடங்கேல்லை, அதுதான்.” டெய்ரி அண்ணன் குரலில் முந்தின உறுதி இல்லை.

தம்பி நாற்காலியை உதைக்காத குறையாகத் திரும்பினான். “புடிக்கலைன்னா விட்டுட்டுப் போயிரலாமல்லங்க? யாரு இவர கட்டிப்போட்டு வெச்சிருக்கறாங்க?”

அவன் பந்தைத்தான் சொன்னான். எனக்கு அது பந்து மாதிரி கேட்கவில்லை.

“கட்டிப்போட்டு வெச்சிருக்கிறது நான்தான்,” என்றேன். “அவருக்குப் பிடிக்கலைன்னா அதை நான் கேட்டுக்கிறேன், நீ யாரு கேட்க? உன் பைக்குள்ள இருக்கிற புது கிளவுஸைப் பூனை தூக்கிட்டுப் போயிராம பார்த்துக்க. எப்படா மனுசன் விழுவான்னு அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்க, எனக்குத் தெரியாதா? அக்கா, நீங்க ஒண்ணும் சொல்லலை ஒண்ணும் சொல்லலைன்னே எல்லாத்தையும் சொல்லிட்டீங்க. இத்தனை வருசம் இந்த டீமுக்காகக் குந்தி எந்திரிச்ச ஆளு அவரு. டீமை விக்கிறதா இருந்தா எப்பவோ வித்திருப்பாரு.”

“தங்கச்சி, நான் முழங்கால் எண்டுதான்…” என்று டெய்ரி அண்ணன் ஆரம்பித்தார்.

“அண்ணே, அவரு முழங்கால் கல்லு மாதிரி இருக்கு. விடுங்க.”

மூன்று பேரும் மைதானத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள். என்னைப் பிடிக்கவில்லை என்று சொன்ன மனிதருக்காக ஊரோடு சண்டை போட்டுவிட்டு நிற்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவரை நான் சொல்வேன், இன்னொருத்தர் சொன்னால் பொறுக்க மாட்டேன். அந்த பேட்ஸ்மேன் அதன் பிறகு எங்கள் பந்தையெல்லாம் வேலிக்கு அப்பால் அனுப்பினான். தோற்றுப்போனோம்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் நாற்காலியை மடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அவர் பையைப் பின்சீட்டில் போட்டுவிட்டு, எனக்கு முன்னால் போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். நான் ஸ்டீயரிங் பக்கம். கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிந்தது, வெளியே யாரும் தெரியவில்லை.

“எடுமன், போவம்,” என்றார்.

நான் சாவியைத் திருப்பவில்லை.

“என்னைப் பிடிக்கலைன்னா நேரா எங்கிட்ட சொல்லிருங்க,” என்றேன். “மனுகாவுக்குப் போயிப் போயி வர வேண்டாம். லண்டனுக்குப் போன் போட்டு யோசனை கேட்க வேண்டாம். நான் தாங்கிக்குவேன்.”

“ஆருக்கு ஆரைப் பிடிக்கேல்லை?”

“நடிக்காதீங்க. கராஜ்ல நின்னு அண்ணன்கிட்ட சொன்னீங்கள்ல. கொஞ்ச நாளாப் பிடிக்காமக் கிடக்கு, அவளுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலைன்னு. நான் துணிக்கூடையோட வாசல்லதான் நின்னேன்.”

அவர் என்னையே பார்த்தார். உதடு அசைந்தது, நான் சொன்ன வாக்கியத்தைத் தனக்குள் சொல்லிப் பார்க்கிற மாதிரி. சிரிக்கப் போகிறாரா அழப் போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

“பிடிக்காம இல்லையப்பா,” என்றார். “பிடிக்கேலாம. பிடிக்க ஏலாமக் கிடக்கு எண்டு சொன்னனான்.”

ஏலாமல். எங்கள் ஊரில் முடியாமல் என்போம். பிடிக்க முடியாமல் இருக்கிறது என்றுதான் அந்த மனிதர் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். நடுவில் இருந்த ‘ஏலா’ டிரையர் சத்தத்தில் விழுந்துவிட்டது, தண்ணி பட்ட பாடு என்று பீற்றிக்கொண்ட என் மதுரைக் காது அதைக் கோட்டை விட்டுவிட்டது. அவர் விட்டதெல்லாம் பந்து. நான் விட்ட அந்த ஒரு சொல்லுக்காகக் கார் பார்க்கில் ஒளிந்திருந்தேன், குழாயடியில் நின்றேன், மோட்டார்வேயில் அழுதேன். அப்பாடா என்று இருந்தது எனக்கு. சிரிப்புக்கூட வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடுதான் கேட்டேன்.

“எதைப் பிடிக்க ஏலாம?”

“ஒண்டையும்,” என்றார்.

வலது கையை மடியிலிருந்து எடுத்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய்விட்டனவாம். குளிர்காலத்திலேயே தொடங்கியதாம். தேநீர்க் கோப்பையை வாங்கினால், வாங்கிவிட்டோமா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியுமாம். பொத்தான் போட முடியாது, பாட்டில் திறக்க முடியாது, ஸ்டீயரிங்கை நம்ப முடியாது. அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் வரிசையில் நிறுத்தி வைத்திருந்த சாட்சிகள் எல்லாம் ஒவ்வொன்றாக அவர் பக்கம் போய் நின்றன.

“அப்போ மனுகாவ்?”

“நரம்பு பாக்கிற இடம். ரோஸ்கிலில போனா ஆரும் காணுவினம் எண்டு ஒற்றைக் கையால மெல்ல ஓட்டிக்கொண்டு அங்க போனன். நரம்புக்கு மின்சாரம் விட்டுப் பாத்தவை. அதுக்குத்தான் மோதிரத்தைக் கழட்டச் சொன்னது. வாற கிழமை முடிவு சொல்லுவினம்.”

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

அவர் மழையைப் பார்த்தார். “அண்ணைக்கும் இப்பிடித்தான் தொடங்கினது,” என்றார்.

என் சிரிப்பு எங்கே போனதோ தெரியவில்லை. அவர் அண்ணனை நான் வீடியோவில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். முதலில் அவரே போனைப் பிடித்துப் பேசினார். பிறகு போன் மேசையில் சாய்ந்து நின்றது. போன தீபாவளிக்கு அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டே எங்களோடு பேசினாள்.

“மணிக்கட்டு நரம்பு மட்டும் எண்டா சின்ன ஒப்பரேசன், சுகம் வந்திடும். மற்றதெண்டா…” அதை அவர் முடிக்கவில்லை. “உமக்குச் சொன்னா உண்மையாப் போயிடும் எண்டு இருந்தது. அதுதான் சொல்லேல்லை.”

“இந்தக் கையை வச்சுக்கிட்டு எதுக்குங்க விளையாடினீங்க? ஊரே உங்களை என்னவெல்லாம் பேசுச்சு தெரியுமா?”

“நோகேல்லையப்பா. பந்து கிளவுஸுக்க விழுற சத்தம் கேக்குது. ஒவ்வொரு முறையும் பிடிச்சிட்டன் எண்டுதான் நினைக்கிறன்.”

இருக்கிற வலியை இல்லை என்கிறவரை மட்டுமல்ல, வலியே இல்லாமல் கை போய்க்கொண்டிருக்கிறவரையும் நான் என் வேலையில் பார்த்ததில்லை. திட்ட வேண்டும் போல இருந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. நடுவில் கிடந்த கையைப் பார்த்தேன். கிளவுஸுக்குள் வெந்து, வெளுத்து, வழக்கமான கைதான்.

“அங்க ஒரு பிள்ளை இருக்கு,” என்றார். “கண்ணை மூடச் சொல்லிப்போட்டு, விரல் விரலாத் தொட்டுக் கேக்கும். நல்ல பிள்ளை. நான் பிழையாச் சொன்னாலும் சிரிச்சுக்கொண்டுதான் இருக்கும்.”

கதவைத் திறந்துவிட்ட பெண்.

“நீரும் செய்து பாருமன்,” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பெருவிரலைப் பிடித்தேன். அவர் பேசாமல் இருந்தார். சுட்டுவிரலைப் பிடித்தேன். பேசவில்லை. அதற்குப் பிறகு அந்த மூன்று விரலையும் சேர்த்து, என்னால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு அழுத்திப் பிடித்தேன். என் நகம் அவர் தோலில் பதிந்தது எனக்குத் தெரிந்தது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கண்ணை மூடியபடியே, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று இருட்டில் கேட்பவர் போல, மெதுவாகக் கேட்டார்.

“பிடிச்சிருக்கிறீரோ?”

“பிடிச்சிருக்கு,” என்றேன்.